400 வயலுக்கு 40 வயலை அறுத்துப் பார்த்தால் போதுமா? சம்பா மகசூல் மதிப்பீட்டில் எந்தக் கணக்கு எதற்கு

தை பிறப்பதற்கு முன்பே டெல்டா கிராமங்களில் ஒரு கேள்வி சுற்ற ஆரம்பித்துவிடும்: இந்தச் சம்பாவில் ஊருக்கு மொத்தம் எவ்வளவு நெல் காணும்? கொள்முதல் நிலையத்தில் எத்தனை சாக்கு கேட்டு வைப்பது, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஆலைக்காரரிடம் எத்தனை டன்னுக்கு ஒப்புக்கொள்வது, அறுவடை இயந்திரத்தை எத்தனை நாளைக்குப் பேசுவது என எல்லாமே அந்த ஒரு எண்ணை நம்பித்தான் நடக்கிறது. கூடவே இன்னொரு கேள்வியும் வரும். புது ரகம் போட்டவர்களுக்கு நன்றாகக் கண்டிருக்கிறதே, அடுத்த வருஷம் எல்லாரும் மாறிவிடலாமா?

இரண்டு கேள்விக்கும் அளந்து பார்க்கும் வயல்கள் அவையேதான். ஆனால் இரண்டுக்கும் ஒரே சூத்திரத்தைப் போட்டால் ஏதாவது ஒன்றில் தவறான முடிவுக்குப் போய்விடுவோம். முதல் கேள்வி எண்ணி முடிக்கக்கூடிய ஒரு தொகுதியைப் பற்றியது: இந்த ஊர், இந்தப் பருவம், இத்தனை வயல். இரண்டாவது இன்னும் நடக்காத பருவங்களைப் பற்றியது. புள்ளியியல் படித்தவர்கள்கூட இந்த இடத்தில் தடுமாறுவதைப் பார்க்கிறேன். அதனால் கையில் இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்ப்போம்.

கணக்குக்காக ஓர் ஊரை வைத்துக்கொள்வோம். சம்பா போட்ட வயல் 400, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு ஏக்கர், அதாவது மூன்று மா. தலைமடையில் 240 வயல், கடைமடையில் 160. ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையாகத் தலைமடையில் சராசரி 36 காண்கிறது, கடைமடையில் 24. தண்ணீர் கடைசியாக வந்து சேர்வதும் அங்கேதான், ஐப்பசி கார்த்திகை மழையில் வடியாமல் நிற்பதும் அங்கேதான். ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் வயலுக்கு வயல் திட்டவிலக்கம், அதாவது சராசரியிலிருந்து வயல்கள் வழக்கமாக விலகி நிற்கும் அளவு, 5 மூட்டை. ஊர் முழுதையும் ஒன்றாகச் சேர்த்தால் சராசரி 31.2 மூட்டை, திட்டவிலக்கம் 7.7. மொத்தம் 12,480 மூட்டை, ஏறக்குறைய 749 டன். இந்த எண்களெல்லாம் விளக்கத்துக்காக நான் வைத்தவை. களத்தில் இறங்குகிறவருக்கு இவற்றில் எதுவும் முன்கூட்டித் தெரியாது. வயல்களின் பட்டியல் மட்டும்தான் கையில் இருக்கும்.

முதல் வழி, யாரையும் விடாமல் 400 பேரையும் கேட்பது. கிராமசபையில் இதற்குத்தான் ஆதரவு அதிகம். "என் வயலை மிதிக்காம எனக்கு எப்படி மகசூல் போடுவீங்க?" என்று கேட்கும் பெரியவருக்கு இதைவிட நியாயமான பதில் கிடையாது. மாதிரியே எடுக்காததால் மாதிரிப் பிழை பூஜ்யம் என்பதும் உண்மை. ஆனால் 400 வயலையும் அறுத்து அளக்க ஆள் ஏது? வாய்ச்சொல்லைத்தான் வாங்கி எழுத முடியும். காப்பீடு கிடைக்குமா என்று யோசிப்பவர் குறைத்துச் சொல்வார், பக்கத்து வயல்காரர் காதில் விழுகிற மாதிரி சொல்பவர் கூட்டிச் சொல்வார். நூறு வீடு கடந்ததும் கணக்கெடுப்பவரே களைத்துப்போய், முந்தின வீட்டு எண்ணையே எழுதத் தொடங்குவார். இந்தப் பிழை எந்தச் சூத்திரத்திலும் தலைகாட்டாது. 1930களில் வங்காளத்துச் சணல் பரப்பை மதிப்பிடும் வேலையை எடுத்துக்கொண்ட புள்ளியியலாளர் மகலனோபிஸ், ஒழுங்காகக் கண்காணித்த சிறு மாதிரியையே நம்பினார். ஒரே இடத்துக்கு ஒன்றையொன்று சாராத இரண்டு துணை மாதிரிகளை எடுத்து, இரண்டு குழுக்களை அனுப்பி, விடைகளை ஒப்பிடுகிற பழக்கமும் அவருடையதுதான். 40 வயலையும் 20, 20 ஆகப் பிரித்து இரண்டு குழுவிடம் கொடுத்தால் நம் ஊரிலும் அதைச் செய்யலாம். இரண்டு சராசரியும் எட்டாத தூரத்தில் நின்றால், கணக்கைப் பார்ப்பதற்கு முன்னால் தராசையும் ஆட்களையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வழி, சீட்டுக் குலுக்கி 40 வயல் எடுத்து, பாடப்புத்தகத்தில் முதலில் வரும் சூத்திரத்தைப் போடுவது. திட்டவிலக்கத்தை 40-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் திட்டப்பிழை, அதாவது மாதிரிச் சராசரி உண்மைச் சராசரியிலிருந்து வழக்கமாகத் தவறும் அளவு, 1.22. அதை 1.96-ஆல் பெருக்கினால் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதாவது நூறு முறை இப்படி எடுத்தால் ஏறக்குறைய 95 முறை உண்மைச் சராசரி உள்ளே விழும் எல்லை: சராசரிக்கு இருபுறமும் 2.39 மூட்டை. ஊர் மொத்தத்துக்கு 956 மூட்டை, 57 டன் முன்னேபின்னே. இந்தச் சூத்திரம் வயல்கள் எண்ணிலடங்காதவை என்றோ, எடுத்த சீட்டைத் திரும்பக் குடத்தில் போட்டுவிட்டு மறுபடி எடுக்கிறோம் என்றோ நினைத்துக்கொள்கிறது. நாம் அப்படிச் செய்வதில்லை. ஒரு வயலை அறுத்துவிட்டால் அந்த வயலைப் பற்றிய சந்தேகம் தீர்ந்தது. சந்தேகம் மிச்சமிருப்பது அறுக்காத 360 வயலில்தான்.

அதைக் கணக்கில் கொண்டுவருவதுதான் மூன்றாவது வழியான முடிவுறு தொகுதித் திருத்தம். திட்டப்பிழையை, ஒன்றிலிருந்து மாதிரிப் பங்கைக் கழித்து வருவதன் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். 400-இல் 40 என்றால் 0.9-இன் வர்க்கமூலம், 0.949. இடைவெளி 2.39-லிருந்து 2.27 ஆகிறது. ஐந்து சதவீதம் சுருங்கியது, அவ்வளவுதான். 160 வயல் எடுத்தால் பெருக்கும் எண் 0.775, 300 எடுத்தால் 0.5. நானூறையும் எடுத்துவிட்டால் பூஜ்யம், அதுதான் நியாயமும்.

இந்தத் திருத்தத்தைச் சிலர் வேண்டாத நுணுக்கம் என்று தள்ளுகிறார்கள், சிலர் இதுதான் எல்லாம் என்று பிடித்துக்கொள்கிறார்கள். "பத்து சதவீதம் எடுத்தால் போதும்" என்ற பேச்சு இரண்டாவது ரகம். துல்லியத்தைத் தீர்மானிப்பது முதலில் எத்தனை வயல் அளந்தோம் என்பது. ஊரில் எத்தனை பங்கு அளந்தோம் என்பது அதற்குப் பிறகுதான் வருகிறது. ஆம் அல்லது இல்லை என்ற ஒரு கேள்வியில் ஐந்து சதவீதப் புள்ளிக்குள் விடை வேண்டுமென்றால், பாதி ஆம், பாதி இல்லை என்று வரும் மோசமான நிலையை வைத்துப் பார்த்தாலும் ஒரு லட்சம் வயல் உள்ள வட்டாரத்துக்கு 383 போதும். 400 வயல் உள்ள ஊருக்கோ 197 வேண்டும். முன்னதில் பங்கு அரை சதவீதத்தைக்கூட எட்டவில்லை, பின்னதில் பாதி. பத்து சதவீதம் என்பது இரண்டு இடத்துக்கும் பொருந்தாத அளவுகோல்.

பயிர்க் காப்பீட்டு விவகாரமும் இங்கேதான் வந்து நிற்கிறது. 2016-இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் விதிமுறைப்படி, கிராமம் அல்லது கிராம ஊராட்சி காப்பீட்டு அலகாக இருக்கும்போது முக்கியப் பயிருக்குக் குறைந்தபட்சம் நான்கு பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்த வேண்டும். நம் உதாரண ஊரில் நான்கு வயலைச் சமவாய்ப்பாக எடுத்தால் திட்டப்பிழை 3.86 மூட்டை. நான்கே அளவு என்பதால் 1.96 என்ற பெருக்கலை நம்ப முடியாது. சிறு மாதிரிகளுக்குப் பயன்படும் டி-பரவலில் அதற்குரிய எண் 3.182. இடைவெளி இருபுறமும் 12 மூட்டைக்கு மேல் போகிறது. நான்கு சீட்டும் தலைமடையில் விழுந்தால் கடைமடைக்காரர் நஷ்டம் கணக்கிலேயே வராது. இந்த இடத்தில் முடிவுறு தொகுதித் திருத்தம் போடுவது முழுக்கச் சரி, ஏனென்றால் கேள்வி இந்த ஊரையும் இந்தப் பருவத்தையும் பற்றியது மட்டுமே. ஆனால் 400-இல் 4 என்னும்போது பெருக்கும் எண் 0.995. சரியான திருத்தம், ஆனால் ஒன்றுக்கும் உதவாத திருத்தம். நான்கை எட்டாக்கினால்தான் மாறும். மனு எழுதுகிற விவசாயச் சங்கங்கள் "எங்கள் ஊரில் ஒரு சதவீதம்தான் அளந்தார்கள்" என்று வாதிடுவதைவிட "நான்கே வயலை அளந்தார்கள்" என்று வாதிட்டால் வலுவாக நிற்கும்.

நான்காவது வழி தலைமடை, கடைமடை என்று முதலிலேயே பிரித்துக்கொள்வது. 40-ஐ 24, 16 என்று பங்கிட்டு, இரண்டு பக்கத்திலும் தனித்தனியாகக் குலுக்கி எடுக்கிறோம். இரண்டுக்கும் இடையிலுள்ள 12 மூட்டை வித்தியாசம் இப்போது பிழைக்குள் வராது. அந்தந்தப் பக்கத்துக்குள் இருக்கிற 5 மூட்டை விலக்கம்தான் வரும். திருத்தத்தையும் சேர்த்தால் இடைவெளி 1.47 மூட்டை. ஊர் மொத்தத்துக்கு 588 மூட்டை, 35 டன். பிரிக்காமல் இதே துல்லியம் வேண்டுமென்றால் 84 வயலை அறுத்தாக வேண்டும். சூத்திரத்திலுள்ள திருத்தம் ஐந்து சதவீதம் கொடுத்தது. வாய்க்காலை அறிந்தவர் பட்டியலில் போட்ட ஒரு கோடு முப்பத்தைந்து சதவீதம் கொடுத்துவிட்டது. 1934-இல் புள்ளியியலாளர் நெய்மன் எழுதிய கட்டுரை, வகை வகையாகப் பிரித்துச் சமவாய்ப்பில் எடுப்பது எப்படி, எவ்வளவு எடுப்பது என்பதற்கு அடித்தளம் போட்டது. அந்த அறிவு நம் மடைக்காரர்களிடம் வேறு வடிவில் இருக்கிறது. எந்த மதகுக்குக் கீழே பயிர் மஞ்சளடிக்கும் என்று அவர்களைக் கேட்டுத்தான் கோடு போட வேண்டும்.

ஊரின் வயல் பதிவேடான அடங்கலைத் திறந்து பத்தாவது, இருபதாவது, முப்பதாவது என்று எடுத்துக்கொண்டே போகிற பழக்கமும் உண்டு. வேலை சுலபம். புல எண்கள் வாய்க்காலை ஒட்டி வரிசையாகப் போகிற ஊரில் தலைமடை, கடைமடை இரண்டும் தானாகவே கலந்து வரும் என்பதால் பல சமயம் நல்ல பலனும் தரும். ஒரே கெடுதல், பட்டியலில் ஏதாவது ஒரு சீரான ஓட்டம் இருந்து அது பத்தோடு ஒத்துப்போனால் மாட்டிக்கொள்வோம். பிழை எவ்வளவு என்று அந்த ஒரே மாதிரியை வைத்துச் சொல்லவும் முடியாது.

வயல் அளவு ஒன்றுக்கொன்று மாறினால், மாதிரி வயல்களின் மொத்த மூட்டையை அவற்றின் மொத்தப் பரப்பால் வகுத்து, ஊரின் சம்பாப் பரப்பால் பெருக்குங்கள். பெரிய வயலுக்கு அதிக வாய்ப்பு கொடுத்து எடுப்பதும் நல்ல முறைதான். அப்போது ஒவ்வொரு வயலின் விளைச்சலையும் அது மாதிரிக்குள் வருவதற்கிருந்த வாய்ப்பால் வகுத்துக் கூட்ட வேண்டும் என்று புள்ளியியலாளர்கள் ஹார்விட்ஸும் தாம்சனும் 1952-இல் காட்டினார்கள். ஆனால் வாய்ப்பை விளைச்சலுக்குப் பொருத்தமாகக் கொடுத்திருக்க வேண்டும். இதை இன்னொரு புள்ளியியலாளர் தேவபிரத பாசு 1971-இல் ஒரு சர்க்கஸ் கதையில் காட்டினார். ஐம்பது யானைகளின் மொத்த எடை தெரிய வேண்டும். நடுத்தர யானை சாம்போவுக்கு 100-க்கு 99 வாய்ப்பு, மற்ற ஒவ்வொன்றுக்கும் 4,900-க்கு ஒன்று. சாம்போ வந்தால் சூத்திரம் சொல்லும் மொத்த எடை, அந்த ஒரு யானையின் எடையைவிடச் சற்றே அதிகம். பெரிய யானை ஜம்போ வந்துவிட்டால் அதன் எடையைப் போல 4,900 மடங்கு. சராசரியில் பிழையற்ற சூத்திரம், கையில் கிடைக்கும் விடையோ இரண்டு விதத்திலும் அபத்தம். அடங்கலில் பெரிய பரப்பாக இருந்து, அதில் பாதி மனைக்கட்டாகிப்போன வயல்கள் இன்று டெல்டாவில் குறைவில்லை. பழைய பரப்பை நம்பி வாய்ப்பு கொடுக்கும் முன் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும்.

இத்தனைக்கும் அடியில் ஒரு கயிறு இருக்கிறது. வயலில் சமவாய்ப்பாக ஓர் இடம் குறித்து, நான்கு முளை அடித்து, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரமாகக் கயிறு கட்டி, உள்ளே இருப்பதை மட்டும் அறுத்து, தார்ப்பாயில் அடித்துத் தூற்றி எடை போடுகிறார்கள். ஒரு ஏக்கரில் அப்படி 160-க்கும் மேற்பட்ட சதுரங்கள் அடங்கும்; நாம் பார்ப்பது ஒன்று. கயிற்றின்மேல் நிற்கிற குத்து உள்ளேயா வெளியேயா? அறுப்பவர் கை பெரும்பாலும் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். சதுரம் சிறிதாகச் சிறிதாக அதன் அளவுக்கு விளிம்பு நீளம் அதிகமாகும். மகசூலும் கூடுதலாகவே தெரியும். பயிர் அறுவடைக் கணக்கெடுப்பை இந்தியாவில் நிலைநிறுத்தியவர்களில் ஒருவரான சுகாத்மே, 1940களிலேயே இப்படிப்பட்ட சிறு சதுரங்களைப் பற்றி இந்த எச்சரிக்கையைக் கொடுத்தார். 40 வயலிலும் ஒரே பக்கம் சாய்ந்தால் எந்தத் திருத்தக் காரணியும் நிமிர்த்தாது.

எண்ணிக்கை சிறியதாக இருந்து, விடை நல்லது அல்லது கெட்டது என்று மட்டும் வருகிற இடத்தில் முடிவுறு தொகுதிக் கணக்கு உண்மையாகவே பயன்படும். ஒரு குழுவுக்கு 30 விதை மூட்டை வந்திருக்கிறது. பத்து மூட்டையில் விதை எடுத்து முளைப்புத் திறன் பார்த்தோம். பத்தும் 80 சதவீதத்துக்கு மேல், அதாவது சான்று விதைக்கான தரத்தில் தேறின. மிச்சத்தில் எத்தனை தேறாதவை இருக்கலாம்? வழக்கமான சூத்திரம் பிழை பூஜ்யம் என்று சொல்லிவிடும், அதை வைத்து விதைக்க முடியாது. 30-இல் ஏழு தேறாதவையாக இருந்தால் பத்தும் நல்லதாக விழ வாய்ப்பு 3.8 சதவீதம், ஆறு என்றால் 6.5 சதவீதம். ஆகவே ஐந்து சதவீத அளவுகோலில் ஆறு வரை இருக்கலாம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். முடிவில்லாத தொகுதி என்று வைத்துப் போடும் ஈருறுப்புக் கணக்கு ஏழு வரை என்னும். வித்தியாசம் ஒரு மூட்டைதான். ஆனால் இருபது மூட்டையைப் பார்த்து இருபதும் தேறினால், சரியான கணக்கு இரண்டுக்கு மேல் இருக்காது என்கிறது, ஈருறுப்புக் கணக்கு நான்கு என்கிறது. திருப்பி அனுப்புவதா, நாற்றங்காலில் கொட்டுவதா என்ற முடிவில் இது பெரிய வித்தியாசம்.

இனி ரகக் கேள்வி. 400 வயலில் பாதியில் பழைய ரகம், பாதியில் புதியது என்று வைப்போம். எப்படியோ ஒரு வயல் விடாமல் 400-ஐயும் அளந்துவிட்டோம். புதியது சராசரி 0.8 மூட்டை அதிகம். தலைமடை, கடைமடை வித்தியாசத்தைக் கழித்த பிறகு இரண்டிலும் வயலுக்கு வயல் விலக்கம் 5 மூட்டை. முடிவுறு தொகுதித் திருத்தம் போட்டால் பிழை பூஜ்யம்; 0.8 என்பது அசையாத உண்மை. இந்தப் பருவத்தில், இந்த ஊரில் எது அதிகம் கண்டது என்பதற்கு அது சரியான விடைதான். ஆனால் விவசாயி கேட்டது அதை இல்லை. அடுத்த வருஷம் மாறலாமா என்றார். அதற்கு இந்த 400 வயலும், நடந்திருக்கக்கூடிய எத்தனையோ விளைச்சல்களில் ஒரு மாதிரி. திருத்தம் இல்லாமல் போட்டால் திட்டப்பிழை 0.5, இடைவெளி மைனஸ் 0.18-லிருந்து 1.78 வரை. பூஜ்யம் உள்ளே இருக்கிறது. ஊரையே அளந்த பிறகும் புது ரகம் மேல் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை.

இந்தப் பிரிவை 1953-இல் புள்ளியியலாளர் டெமிங் தெளிவாகச் சொன்னார்: இருக்கிற தொகுதியின்மேல் நடவடிக்கை எடுக்க ஒரு வகை ஆய்வு, அந்தத் தொகுதியை உண்டாக்கிய காரணங்களின்மேல் நடவடிக்கை எடுக்க வேறொரு வகை. முதல் வகையில் நூறு சதவீதம் அளந்தால் சந்தேகம் தீரும். இரண்டாவதில் தீராது. எனக்கு இதில் இன்னொன்றும் முக்கியமாகப் படுகிறது. திருத்தத்தை எடுத்துவிட்டு வந்த அந்த இடைவெளிகூட உள்ளதைவிடக் குறைவு. வயல் 400 இருந்தாலும் பருவம் ஒன்றே ஒன்று. மேட்டூர் ஜூன் 12-இல் திறந்து தண்ணீர் நேரத்தோடு வந்த வருஷத்தில் முந்துகிற ரகம், திறப்பு தள்ளிப்போய் நாற்று முதிர்ந்த வருஷத்தில் பின்தங்கலாம். 2018 கஜா மாதிரி ஒரு புயல் பூக்கும் சமயத்தில் அடித்தால் சாயாத ரகம்தான் ஜெயிக்கும். பருவத்துக்குப் பருவம் மாறுகிற அந்த அளவு, ஒரே பருவத்தின் 400 வயலில் எங்கேயும் எழுதப்பட்டிருக்காது. அதோடு, புது ரகத்தை முதலில் எடுப்பவர் பெரும்பாலும் போர்வெல் வைத்திருப்பவர், அவருடைய 0.8 மூட்டையில் ரகத்தின் பங்கு எவ்வளவு, தண்ணீரின் பங்கு எவ்வளவு?

எனவே நான் தேர்ந்தெடுப்பது இப்படி. சாக்கு, லாரி, ஆலை ஒப்பந்தம் போன்ற மொத்த அளவு முடிவுகளுக்கு 40 வயல், தலைமடை கடைமடையாகப் பிரித்து, இரண்டு குழு, முடிவுறு தொகுதித் திருத்தத்துடன். ஆலைக்காரரிடம் ஒப்புக்கொள்ளும் அளவை இடைவெளியின் கீழ் முனையில் வையுங்கள், சாக்கை மேல் முனையில் கேளுங்கள். கடைமடைக்கு மட்டும் நிவாரண மனு போடுவதாக இருந்தால் 24, 16 வேண்டாம். 20, 20 எடுங்கள், கடைமடை எண் தனியாக நிற்கும் அளவுக்கு வலுவாகும். ரகம் மாற்றும் முடிவுக்குத் திருத்தத்தைத் தொடவே வேண்டாம். பத்துப் பன்னிரண்டு பேர் தங்கள் வயலைப் பாதியாகப் பிரித்து இரண்டு ரகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, மூன்று சம்பா பார்க்கட்டும். 400 வயலை ஒரு பருவம் அளப்பதைவிட அது அதிகம் சொல்லும்.

களத்தில் கட்டாயம் வரும் ஒரு சிக்கலுக்கு முன்னேற்பாடு வேண்டும். சீட்டில் விழுந்த வயலுக்குப் போனால் முந்தின நாளே மெஷின் இறங்கி அறுத்திருக்கும். அப்போது பக்கத்து வயலை எடுத்துக்கொள்ளாதீர்கள். சீக்கிரம் அறுத்தது பெரும்பாலும் குறுகிய நாள் ரகம் அல்லது மேட்டு வயல். நின்றுகொண்டிருக்கும் பக்கத்து வயல் வேறு வகை. குலுக்கும் அன்றே இரண்டு பக்கத்துக்கும் நாலைந்து மாற்று எண்களையும் வரிசையாக எடுத்து எழுதி வைத்து, அந்த வரிசைப்படியே போங்கள். அறுத்துவிட்ட வயலின் எண்ணையும் அடிக்காமல் நோட்டில் வைத்திருங்கள். வியாபாரி எடை போட்ட சீட்டு அந்த வீட்டில் இருக்கும், அதைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்.